மாறிலிகள் மாறுகின்றனவா: ஒரு சனிக்கிழமை மாலைக்கு ஒக்லோவா, குவேசாரா, அணுக் கடிகாரமா?

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை எங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது. இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் கோயில் மண்டபம். நாலரைக்குத் தொடங்கினால் ஆறு மணிப் பூசைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். படிவம் மூன்றிலிருந்து ஆறாம் படிவம் வரை முப்பது பிள்ளைகள் வருவார்கள், பெரும்பாலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து. எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இயற்பியல் பாடநூலில் ‘மாறிலி’ என்று அச்சிட்டிருக்கிற எண்கள் உண்மையிலேயே மாறாதவையா? அதை யார், எப்படிச் சோதித்தார்கள்?

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சோதனையைத்தான் ஒழுங்காக விளக்க முடியும். மூன்றையும் தொட்டுவிட்டுப் போனால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெயர்தான் மிஞ்சும். எதை எடுப்பது என்று நாங்கள் மூன்று பேர் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், அவருக்கு ஆப்பிரிக்காவின் பழைய யுரேனியப் பாறையான ஒக்லோ. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் என் தங்கை மகள், அவளுக்குத் தொலைதூர வானத்துக் குவேசார்கள். எனக்கு அணுக் கடிகாரம். இப்படி ஒரு வகுப்பை வேறு ஊரில் நடத்த நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எங்கள் வாதத்தை எழுதிவைக்கிறேன்.

முதலில் கேள்வியே எவ்வளவு சிக்கலானது என்று சொல்ல வேண்டும். 1982 ஜனவரி 1 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளியது. அப்போது அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், வேலையில் இருந்தார். லயத்துச் சுவர்க் கடிகாரம், ஆபீஸ் கடிகாரம், தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக் கடிகாரம் எல்லாமே ஒன்றாக நகர்ந்தன. ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போனவர்களுக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் அதே மணிக்கு வானம் இன்னும் இருட்டாக இருந்தது. சூரியன் அந்த உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. எல்லாம் ஒரே அளவில் மாறினால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. வேறு விதமாக நடந்துகொள்ளும் இன்னொன்று பக்கத்தில் இருந்தால்தான் தெரியும்.

மாறிலிகளுக்கும் இதே நிலைதான். ஒளியின் வேகம் மாறியதா என்று கேட்டால், அதை அளக்கும் மீட்டரும் விநாடியும் கூடவே மாறியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். அதனால் இயற்பியலாளர்கள் அலகே இல்லாத எண்களைத் தேடிப் போகிறார்கள். முக்கியமானவை இரண்டு. ஒன்று, 1916இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட் கொண்டுவந்த நுண்ணமைப்பு மாறிலி. ஆல்பா என்று அழைக்கப்படும் இதன் மதிப்பு ஏறத்தாழ 137.036இல் ஒரு பங்கு. எலக்ட்ரானும் ஒளியும் எவ்வளவு வலுவாகப் பிணைந்திருக்கின்றன என்பதற்கான எண் அது. மற்றொன்று, புரோட்டான் எலக்ட்ரானைவிட எத்தனை மடங்கு கனமானது என்ற விகிதம், அது 1836.15. இவற்றில் மீட்டரும் இல்லை, கிலோகிராமும் இல்லை. மாறினால் உண்மையிலேயே மாறியதாகத்தான் அர்த்தம். இவை மாறலாம் என்ற ஐயத்துக்கு வழி திறந்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் டிராக். ஈர்ப்பு மாறிலி பிரபஞ்சத்தின் வயதோடு சேர்ந்து குறைந்துகொண்டே வரலாம் என்று 1937இல் அவர் எழுதினார்.

ஒக்லோவுக்காகக் கிராணி அண்ணன் சொன்ன வாதம் என்னைச் சற்று அசைத்துவிட்டது. “தம்பி, இது கணக்குப் புத்தகத்தில் பிடிபட்ட சங்கதி” என்றார். உண்மைதான். 1972இல் பிரான்சின் பியெர்லாத் ஆலையில் யுரேனியத்தைச் சோதித்தவர்கள் ஒரு குறைவைக் கண்டார்கள். பூமியில் எங்கே தோண்டினாலும் இயற்கை யுரேனியத்தில், எளிதில் பிளவுபடும் வகையான யுரேனியம்-235இன் பங்கு 0.7202 விழுக்காடு. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஒக்லோ சுரங்கத்திலிருந்து வந்ததில் 0.7171 இருந்தது. பால் நிறுக்கும் இடத்தில் வாளிக்கு வாளி எடை எழுதிய மனிதருக்கு இந்த வித்தியாசத்தின் கனம் உடனே புரிகிறது. காணாமல் போனதற்குக் கணக்குக் கேட்டுக்கொண்டே போனவர்கள் கடைசியில் கண்டது, மனிதன் பிறப்பதற்கு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் தானாக எரிந்த ஓர் அணு உலை. அந்தக் காலத்தில் யுரேனியம்-235இன் பங்கு 3 விழுக்காட்டுக்கு மேல். பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துப் பிளவைத் தொடரவைத்தது. சூடேறி நீர் ஆவியானதும் உலை அணையும். ஆறி நீர் ஊறியதும் மறுபடி பற்றும். பாறையில் சிக்கிய செனான் வாயுவை ஆராய்ந்தவர்கள், அரை மணி எரிந்து இரண்டரை மணி ஓய்ந்தது என்றுகூடக் கணித்திருக்கிறார்கள்.

இதற்கும் ஆல்பாவுக்கும் என்ன தொடர்பு? உலைக்குள் சமாரியம்-149 என்ற அணுக்கரு நியூட்ரான்களை விழுங்கிக்கொண்டிருந்தது. எந்த நியூட்ரானையும் அது அப்படி ஆவலோடு விழுங்குவதில்லை; 0.0973 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு அருகே வரும் நியூட்ரான்களைத்தான். அந்த ஆற்றல், அணுக்கருவுக்குள் புரோட்டான்களை விலக்கும் மின்விசைக்கும் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் வலிய விசைக்கும் நடக்கும் இழுபறியின் மிகச் சிறிய மிச்சம். ஆல்பா கொஞ்சம் வேறாக இருந்திருந்தாலும் மிச்சம் இடம் மாறியிருக்கும். சமாரியம் விழுங்கிய அளவும் மாறியிருக்கும். ஒக்லோ பாறையில் எஞ்சியிருக்கும் சமாரியத்தை எண்ணினால் அன்றைய ஆல்பா கிடைத்துவிடும். லெனின்கிராடைச் சேர்ந்த ஷ்லியாக்டர் 1976இல் இந்த வழியைக் காட்டினார். 1996இல் தாமூரும் டைசனும் கணக்கை விரிவாகப் போட்டு, 200 கோடி ஆண்டுகளில் ஆல்பா ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்குக்கு மேல் மாறவில்லை என்றார்கள்.

அழகான கதை, பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். என் தயக்கம் வேறு இடத்தில். உலை எந்த வெப்பத்தில் எரிந்தது என்பதை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலிய விசை மாறவில்லை, ஆல்பா மட்டுமே மாறியிருக்கலாம் என்றும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே பாறையை வைத்து 2004இல் ஒரு குழு மாற்றம் உண்டு என்று கணக்குக் காட்டியது. 2006இல் உலையின் அமைப்பை விரிவாகக் கணினியில் போட்டுப் பார்த்தவர்கள் மாற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். உலை மறுபடி எரியப் போவதில்லை. கருத்து வேறுபாடு வந்தால் கணக்கைத்தான் திருப்பிப் போடலாம், சோதனையை அல்ல.

மருமகள் தொலைபேசியில் விடாமல் வாதாடினாள். “மாமா, வானத்தை விட்டுட்டு ஏன் கல்லுக்கும் கடிகாரத்துக்கும் போறீங்க? 1000 கோடி வருசத்துக்கு முந்தின ஆல்பாவை ஒளியே நமக்குக் கொண்டுவந்து காட்டுது.” குவேசார் என்பது மிகத் தொலைவில் பளிச்சென்று எரியும் விண்மீன் மண்டலக் கரு. அதன் ஒளி நம்மிடம் வரும் வழியில் வாயு மேகங்களைக் கடக்கிறது. மேகத்திலுள்ள மக்னீசியமும் இரும்பும் தமக்குரிய நிறங்களை விழுங்கிக் கறுப்புக் கோடுகளை விட்டுவைக்கின்றன. கோடுகளுக்கு இடையிலான இடைவெளியில் அன்றைய ஆல்பா பதிந்திருக்கிறது. சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் வெப்பும் அவர் குழுவினரும் ஹவாயின் கெக் தொலைநோக்கியால் எடுத்த நிறமாலைகளைக் கொண்டு, ஆல்பா அன்று இன்றைக்கு இருப்பதைவிடப் பத்து லட்சத்தில் ஐந்தாறு பங்கு குறைவாக இருந்திருக்கலாம் என்று 1999 முதல் சொல்லிவந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

2004இல் புனேயிலுள்ள ஐயுகா மையத்தின் ரகுநாதன் ஸ்ரீஆனந்தும் சக ஆய்வாளர்களும் சிலியின் பெரிய தொலைநோக்கியில் பார்த்து அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை என்றார்கள். பிறகு வெப் குழுவே சிலியின் தரவுகளில் எதிர்த்திசை மாற்றத்தைக் கண்டு, வானத்தின் ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் குறைவு என்றது. 2015இல் வந்த ஆய்வு ஒன்று, இரண்டு தொலைநோக்கிகளின் நிறமாலை அளவுகோல்களும் இடத்துக்கு இடம் சற்று இழுபட்டிருந்ததைக் காட்டியது. 2022இல் எஸ்பிரெசோ என்ற புதிய கருவி ஒரு குவேசாரின் திசையில் அளந்தபோது, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற துல்லியத்தில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. இந்த வாதங்களை எல்லாம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்தான். ஆனால் அதற்குள்ளேயே ஒன்றரை மணி நேரமும் போய்விடும். மண்டபத்தில் கையால் தொட்டுக் காட்டவும் எதுவும் இல்லை. விண்கற்களில் ரீனியம் சிதைவதை வைத்தும் ஒரு வழி உண்டு. அதை நாங்கள் பேச்சிலேயே விலக்கிவிட்டோம்.

இனி கடிகாரம். அணுக் கடிகாரம் என்றால் மிகத் துல்லியமான கடிகாரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 1955இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் எசனும் பாரியும் சீசியம் கடிகாரத்தை ஓடவைத்தார்கள். 1967 முதல் ஒரு விநாடி என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். நம் நாட்டு நேரமும் செப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் கழகத்தின் சீசியம் கடிகாரங்களால்தான் காக்கப்படுகிறது. ஆனால் இங்கேதான் பிள்ளைகளை நிறுத்தி யோசிக்கவைக்க வேண்டும். விநாடியே சீசியத்தின் பேரில் எழுதப்பட்டிருக்கும்போது, சீசியம் கடிகாரம் ஓடும் வேகம் மாறினால் அந்தக் கடிகாரமே அதை நமக்குச் சொல்லுமா? சொல்லாது. அது என்றைக்கும் 9,192,631,770 என்றுதான் காட்டும். தனியாக நிற்கும் கடிகாரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மாறிலியைப் பற்றி வாய் திறக்காது. வேறு இயல்புள்ள இரண்டாவது கடிகாரம் வேண்டும்.

1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷேர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் ஊருக்கு ஓர் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசல் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்காது. விண்மீன்கள் உச்சி கடக்கும் நேரத்தோடு, அதாவது பூமியின் சுழற்சி என்ற இன்னொரு கடிகாரத்தோடு, ஒப்பிட்டதால் தெரிந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு. ஊசலுக்கு அது உறைக்கும், பூமியின் சுழற்சிக்கு உறைக்காது. கயேனும் நம் ஊரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. ரிஷேரின் கடிகாரம் ஊத்தான் மெலிந்தாங்குக்கு வந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் பின்தங்கியிருக்கும்.

ஆல்பாவுக்கும் அப்படி இரண்டு கடிகாரங்கள் கிடைக்கின்றன. கனமான அணுக்களில் எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்கு அருகே மிக வேகமாக ஓடுகின்றன. அங்கே ஐன்ஸ்டீனின் சார்பியலின் கை ஓங்கியிருப்பதால் ஆல்பாவின் சிறு அசைவும் அதிர்வெண்ணில் தெரியும். லேசான அணுக்களுக்கு அது அவ்வளவாக உறைக்காது. அமெரிக்காவின் போல்டர் நகரத்து நிஸ்ட் ஆய்வகத்தில் லேசான அலுமினிய அயனியையும் கனமான பாதரச அயனியையும் எதிரெதிரே வைத்தார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட விகிதம் 1.052871833148990438. அலகே இல்லாத இந்த எண்ணை ஓராண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப அளந்தார்கள். அலுமினியத்துக்கு ஆல்பா மாறினாலும் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. பாதரசம் மூன்று மடங்கு பெருக்கிக் காட்டும். விகிதம் அசையவில்லை. ஆல்பா மாறுவதாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆயிரம் கோடி கோடியில் சில பங்குகளுக்கு மேல் இல்லை என்று முடிவு வந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள பிடிபி ஆய்வகத்தின் வழி. அவர்கள் இட்டெர்பியம் என்ற ஒரே அயனியை எடுத்துக்கொண்டார்கள். அதற்குள்ளேயே இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று 436 நானோமீட்டர் ஒளியில் ஓடுகிறது, மற்றொன்று 467 நானோமீட்டரில். ஆல்பா ஒரு பங்கு கூடினால் முதல் கடிகாரம் ஒரு பங்கு வேகமாகும், இரண்டாவது ஆறு பங்கு மெதுவாகும். ஒரே அயனியை எடுத்ததில் இன்னொரு நன்மை உண்டு. இன்றைய கடிகாரங்கள் எவ்வளவு நுட்பமானவை என்றால், ஒன்றை இன்னொன்றைவிட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தாலும் ஈர்ப்பு வித்தியாசத்தால் மேலே உள்ளது சற்று வேகமாக ஓடுவது தெரிந்துவிடும். ஒரே அயனிக்கு உயரமும் ஒன்றுதான். அந்தப் பிழை தானாகவே கழிந்துபோகிறது. 2021இல் அவர்கள் தந்த எல்லை, ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி கோடியில் ஏறத்தாழ ஒரு பங்கு. அந்த எல்லைக்குள் ஆல்பா அசையவில்லை.

மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி, மாற்றம் காலமெல்லாம் ஒரே சீராக நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பது. வெப் குழு சொன்ன மாற்றத்தை அது நடந்த காலத்தால் வகுத்தால் ஆண்டுக்குப் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒக்லோவின் எல்லை, ஆயிரம் கோடி கோடியில் ஐந்து பங்கு. இட்டெர்பியத்தின் எல்லை அதைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு இறுக்கமானது. 200 கோடி ஆண்டுகள் காத்திருந்த பாறையைச் சில ஆண்டுகள் ஓடிய ஓர் அயனி தாண்டிவிட்டது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிராணி அண்ணன் இதற்கும் உடனே தலையாட்டவில்லை. “சீரா மாறிச்சின்னு யார் சொன்னா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரபஞ்சத்தின் இளமையில் ஆல்பா மாறிப் பிறகு நின்றுவிட்டிருந்தால் இன்றைய கடிகாரம் எதையும் காணாது. அதைப் பார்க்கக் குவேசார்தான் வேண்டும், இடைக்காலத்துக்கு ஒக்லோதான் வேண்டும். டிராக் சந்தேகித்த ஈர்ப்பு மாறிலியிலும் இந்தக் கடிகாரங்களுக்கு வேலை இல்லை. அதை 1969 முதல் நிலவில் வைத்த கண்ணாடிகளுக்கு லேசர் அனுப்பித் தூரம் அளப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

ஆனால் அவருடைய தொழிலிலிருந்தே நான் பதில் சொன்னேன். “அண்ணே, பாறை வருசக் கடைசி இருப்பை மட்டும்தான் காட்டும். கடிகாரம் தினக்கணக்கு எழுதுது.” ஆல்பா நேராக ஏறாமல் மேலும் கீழுமாக ஊசலாடினால் என்ன ஆகும்? பிரபஞ்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கும் கரும்பொருள் மிக லேசான துகள்களால் ஆனதாக இருந்தால் அப்படி ஊசலாடலாம் என்று கோட்பாட்டாளர்கள் கருதுகிறார்கள். உலை எரிந்த லட்சக்கணக்கான ஆண்டுகளில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடும். பாறையில் சுவடே இருக்காது. பூமி ஆண்டுதோறும் சூரியனுக்கு அருகே போய்த் தள்ளி வருகிறது. சூரியனின் ஈர்ப்பு ஆல்பாவைத் தொடுகிறதா என்பதும் ஜனவரிக்கும் ஜூலைக்கும் தனித்தனிப் பதிவு இருந்தால்தான் தெரியும். ஒப்பீட்டில் என் முடிவைத் தீர்மானித்தது இதுதான், துல்லியம்கூட இரண்டாவதுதான். சந்தேகம் வந்தால் நாளைக்கே மறுபடி அளக்கலாம். வேறு நாட்டில், வேறு ஆள், வேறு அயனியை வைத்து அளக்கலாம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இருப்பு சரியா இருந்தும் நடுவுல மாசாமாசம் மூட்டை போன தோட்டத்தை நான் பார்த்திருக்கேன்” என்றார். அவர் ஒத்துக்கொண்டது அப்போதுதான்.

கடிகாரத்தின் பக்கம் என்னைச் சாய்த்தது இன்னொன்றும் உண்டு: கதை இன்னும் முடியவில்லை. தோரியம்-229இன் அணுக்கரு 8.4 எலக்ட்ரான் வோல்ட் என்ற மிகச் சிறிய ஆற்றலில், லேசர் எட்டும் தூரத்தில் தாவுகிறது. 2024இல் அதை முதன்முதலாக லேசரால் எழுப்பினார்கள். அதே ஆண்டில் ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அதன் அதிர்வெண்ணையும் அளந்துவிட்டார்கள். ஒக்லோவின் சமாரியத்தைப் போலவே அங்கேயும் இரண்டு பெரிய விசைகளின் இழுபறியில் எஞ்சிய சிறு மிச்சம்தான் ஆற்றலாக நிற்கிறது. அதனால் ஆல்பாவின் அசைவை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பாறையின் நுட்பத்தைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்ததுபோல. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறாம் படிவப் பிள்ளை பட்டம் முடித்துப் போய்ச் சேரும்போதும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்துகாட்டுவதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டோம். ஒரு கம்பியில் தொட்டில் ஸ்பிரிங்கை மாட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு மேலும் கீழும் ஆடவிட வேண்டும். நாலடி தள்ளி, நூலில் கட்டிய இரும்பு நட்டு ஊசலாக ஆடும். கைக்கடிகாரத்தையும் கைப்பேசியையும் யாரும் தொடக் கூடாது. பை ஐம்பது முறை ஆடுவதற்குள் நட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று ஒரு பக்கத்துப் பிள்ளைகள் எண்ண வேண்டும். பிறகு அவர்கள் பார்க்காதபோது ஊசலுக்கு நேர் கீழே ஒரு காந்தத்தை மறைத்துவைப்பேன். இழுவிசை கூடினால் ஊசல் வேகமாகும், ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் செய்து பார்த்தேன். காந்தத்தை நட்டுக்கு நெருக்க நெருக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஏதோ மாறியிருக்கிறது என்று விகிதத்தை மட்டும் வைத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். எது மாறியது, ஊசலா, ஸ்பிரிங்கா, இரண்டையும் ஆட்டும் வேறு ஏதோ ஒன்றா என்று அவர்களே வாதாடட்டும்.

ஆக, ஒரு மணி நேரம் கடிகாரத்துக்கு. கால் மணி நேரம் ஒக்லோவுக்கு, அதைக் கிராணி அண்ணனே சொல்கிறார், 0.7202, 0.7171 என்ற இரண்டு எண்களையும் வெண்பலகையில் தானே எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சக் கால் மணி நேரம் கேள்விகளுக்கு. குவேசார்களைத் தீபாவளி விடுமுறைக்கு வரும்போது மருமகள் தனியாக ஒரு மாலை முழுக்கப் பேசுவாள். இரவில் என்றால்தான் நல்லது என்று அவளே கேட்டுக்கொண்டாள். கோயிலின் பழுதான கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொள்ளத் தலைவர் அனுமதி தந்துவிட்டார். பை ஆடத் தொடங்கியதும் மண்டபத்து மின்விசிறிகளை அணைத்துவிடும்படி அவரிடமே சொல்லிவைத்திருக்கிறேன். காற்றுப் பட்டால் ஊசல் பக்கவாட்டில் போகிறது.